ஜெயசீலி வாய் மூடிய மத்தியானம்

தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியிருந்த அந்தச் சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி அறைக்கு யாரும் வழி கேட்டதில்லை. ஜெயசீலியின் குரல் வரும் பக்கம் போனால் போதும். நோயாளியிடம் "வீட்ல இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டு, அவர் யோசிக்கிற நேரத்தில் முழங்காலை மடக்கிவிடுவாள். அலறினால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" அத்தனை பேருக்கும் அதே மருந்து. கெட்டிக்காரிதான், ஆனால் சரியான வாயாடி.

தொண்ணூற்றிரண்டில், சாலை விபத்தில் அடிபட்டு வருபவர்களின் மனசையும் கவனிக்க பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியவர் மனநல மருத்துவர் ராஜாராமன்.

"எங்ககிட்ட வர ஜனங்க வெக்கப்படறாங்க. உங்ககிட்ட மாசக்கணக்கா காலை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்க. சொன்னா உங்ககிட்டதான் சொல்லுவாங்க. நீங்க சொல்ல விடணும்" என்றார்.

ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். ஜெயசீலி தோற்றாள். மறுபடியும் தோற்றாள். "ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்கம்மா. அவங்க மேற்கொண்டு பேசவே மாட்டாங்க" என்றார் அவர். வாயை மூடச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் அவளிடம் வந்துகொண்டிருந்த துரைராஜ் என்ற நோயாளியின் முழங்கால் அவளைத் தூங்க விடவில்லை. முடிச்சூர்க்காரர். மனைவி கிளியம்மாளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது லாரி இடித்துவிட்டது. மனைவிக்குக் கை முறிந்து கூடிவிட்டது. அவருக்கும் எலும்பு கூடிவிட்டது, முழங்கால்தான் மடங்கவில்லை. இப்படியே விட்டால் ஆயுசுக்கும் விறைத்த கால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டில் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவர் தொடைச் சதை கல்லாக இறுகுவது ஜெயசீலியின் கைக்குத் தெரியும். மனைவியை ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாது என்றிருந்தார் மனுஷன்.

ஒரு மத்தியானம் ஹாரன் அடித்தது. கால் இறுகியது. "ஒண்ணு..." என்று ஆரம்பித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஹாரன் கேட்டாலே கால் இறுகுது. என்ன ஞாபகம் வருதுண்ணா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பிரசவ வேதனை.

வெகு நேரம் கழித்து அவர் வாய் திறந்தார். "வண்டி ஓட்டிகினே அவள திரும்பிப் பாத்துட்டேம்மா. அதுக்குள்ள லாரி வந்துட்ச்சி. அவ கைய ஒட்ச்சது லாரி இல்ல, நான்தான்."

குலுங்கிக் குலுங்கி அழுதார். 'உங்க தப்பில்லண்ணா' என்று நாக்கு நுனிவரை வந்ததை ஜெயசீலி விழுங்கினாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"இதை வீட்ல அக்காகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். வரச் சொல்லட்டுமா என்றதற்கு அரை மனசாகச் சம்மதித்தார்.

மறுநாள் கிளியம்மாள் வந்தாள். அவர் சொல்லி முடிப்பதற்குள், "இன்னாய்யா பேசற நீ? பூ வாங்கணும்னு பின்னால இருந்து கத்தினது நான்தானே! அதுக்குதான் நீ என் மூஞ்சியே பாக்க மாட்டேன்றேன்னு நெனச்சிகினு கீறேன்" என்று அவளும் அழுதாள். ஒரே பழியை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், பாவம்.

"இப்ப மடக்கப் போறேன், வலிக்கும். வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றாள் ஜெயசீலி. குழம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கிளியம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் அடித்தது. சதை இறுகியது, பிறகு மெல்ல இளகியது. முழங்கால் கொஞ்சம் மடங்கியது.

முழுசாக மடங்க இன்னும் பல மாதம் ஆயிற்று. கடைசி நாளன்று இருவரும் மொபெட்டில் கிளம்புவதைப் பார்க்க ஜெயசீலி வாசலுக்கு வந்தாள். வண்டி கேட்டைத் தாண்டும்போது, "யோவ், பூக்காரம்மாகிட்ட நிறுத்துய்யா!" என்றாள் கிளியம்மாள் பின்னாலிருந்து. ஜெயசீலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

துரைராஜ் திரும்பவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது.

"சொல்லுமே, சொல்லு. காதுல வுயுது."