டெவ்லின் எந்தக் காலை முன்னால் வைத்தான்

டோலிடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் டெவ்லின் ஹாஸ்கெட். பந்தை எறிவது அவன் வேலை. கை பீரங்கி மாதிரி. கால்தான் தகராறு.

முதல் பயிற்சியாளர் இடது காலை முன்னால் வைத்து நிற்கச் சொன்னார். அது பழகுவதற்குள் அணியின் முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர், "எந்த மடையன் இதைச் சொல்லிக் குடுத்தான்?" என்று வலது காலை முன்னால் இழுத்தார். அவரும் போனார். மூன்றாமவருக்கு இரண்டு காலும் சமமாக இருக்க வேண்டும். வாத்தைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று ஏரிக்கரைக்கு அனுப்பினார். டெவ்லினைக் கண்டதும் வாத்துகள் எழுந்து போய்விட்டன. கொஞ்ச நாளில் அந்தப் பயிற்சியாளரும் போனார்.

இப்போது டெவ்லினால் தன் வீட்டுப் படியே ஏற முடியவில்லை. கீழே நின்று யோசிப்பான்.

"ஏறுடா, பீட்சா ஆறுது," என்பாள் மனைவி மரீன். "படிக்கட்டு உன்னை மறிச்சுத் தள்ளாது."

நான்காவதாக வந்தவர் வெண்டல் ப்ரூட். "வலது கால். ஞாயித்துக்கிழமை ஜெயிக்கலேன்னா நீ பையைக் கட்டிக்கோ," என்றார்.

மரீனிடம் சொன்னான். "நாம எங்கயும் போகல," என்றாள் அவள். "இந்தச் சமையலறைக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு. ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தார்கள். டெவ்லினின் ஹெல்மெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரில் ப்ரூட்டின் குரல், "வலது கால், முட்டியை மடக்கி..." என்று வந்து பாதியில் நின்றது. மேலே கண்ணாடி அறையில் இருந்த முதலாளி அவரை அந்த நொடியே வேலையை விட்டுத் தூக்கியிருந்தார். ஆட்டம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ப்ரூட் நகம் கடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

புதுக் குரல் ஒன்று கேட்டது. "தம்பி, நான் ஆர்வில். இந்த ஹெட்செட்டை இப்பதான் என் தலையில மாட்டிவிட்டாங்க."

ஆர்வில் அதுவரை பந்தை உதைப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். ஹெல்மெட்டில் கேட்க மட்டும்தான் முடியும், அதனால் டெவ்லின் மைதான ஓரத்தில் நின்ற அவரைப் பார்த்து ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். பிறகு மற்றதை.

"எனக்கென்ன தெரியும்? உனக்கு எது சௌகரியமோ அது."

இப்படி ஒரு கொடுமையை யாரும் அவனுக்குச் செய்ததில்லை. சௌகரியம் எப்படி இருக்கும் என்றே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கடிகாரம் ஓடியது.

பந்தைப் பின்னால் கொடுக்கக் குனிந்திருந்த ஓகி டன்லப், தன் கால்களுக்கு நடுவே தலையை நீட்டினான். "டேய் ஹாஸ்கெட், வயித்தைக் கலக்குனா எந்தக் காலை முதல்ல வெச்சு ஓடுவ? அதை வெச்சுத் தொலைடா. என் இடுப்பு போகுது."

டெவ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே பந்தும் வந்தது. எறிந்தான். தூங்குகிற குழந்தையை மடியில் கிடத்துவதுபோல, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஓடிய சக வீரன் கைகளில் அது போய் இறங்கியது. ஆறு புள்ளி. ஜெயித்தாயிற்று.

முதலாளி மூச்சிரைக்க டெவ்லினிடம் இறங்கி வந்தார். "நீ இங்கயே இருக்க. நாளைக்கே எல்லாருக்கும் அந்தக் காலைக் கத்துக்குடுக்கணும். எந்தக் கால் அது?"

யாருக்கும் தெரியவில்லை. வீடியோ ஆர்விலின் கையில் இருந்த டேப்லெட்டில் இருந்தது. டெவ்லின் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாக்கணும்னா பாருங்க சார். என்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

 ஆர்வில் டேப்லெட்டை பெஞ்சில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்தார்.