மாரக்காளின் ஊமைப் புருஷன்

கண்ணம்பாடியில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், மைசூர் மார்க்கெட் வாசலில் மாரக்காள் வெற்றிலை விற்றுவந்தாள். கொள்ளேகாலத்துக்காரி. அவள் புருஷன் கரியப்பனுக்கு நஞ்சுண்டசாமியின் விறகு மண்டியில் வேலை. அவனுக்குக் காது கேட்கும், பேச்சு கிடையாது. ஊமை என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள். குடித்துவிட்டுக் கத்துகிற அப்பனோடு வளர்ந்தவளுக்கு அது குறையாகவே படவில்லை. அவன் கையசைப்பதை அவளே வார்த்தையாக்கி, "எங்கூட்டுக்காரரு என்ன சொல்றாருன்னா" என்று எல்லாரிடமும் சொல்வாள்.

ஒருநாள் காலை மகள் தேவம்மா தெருவின் குறுக்கே ஓடினாள். ஜட்கா ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் விறகு இறக்கிக்கொண்டிருந்த கரியப்பன் திரும்பினான்.

"தேவீ, அங்கயே நில்லு."

குரல் கணீரென்று வந்தது. குழந்தை நின்றுவிட்டது, வண்டி அதை ஒட்டிக் கடந்துபோயிற்று. யார் கூப்பிட்டது என்று மாரக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பூக்காரி மல்லம்மா, மலைச்சாமி மாதேஸ்வரன்தான் ஊமைக்குப் பேச்சுக் கொடுத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாரக்காள் விளக்கேற்றிக் கும்பிடப் போனாள். கரியப்பன் தடுத்தான்.

"சாமி குடுத்ததில்ல புள்ளே. எனக்கு எப்பவும் பேச்சு வரும்."

அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்கூரு ராமாபுரத்துல என்ற அண்ணன் நெலத்த என்னுதுன்னு சொல்லி, மாதேஸ்வரன் மலையில கற்பூரத்த அணச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணுனேன். அண்ணன் தூக்குப் போட்டுக்கிட்டான். அப்பறம் வாயத் தொறக்கவே பயமாப் போச்சு. இங்க வந்தப்ப ஊமைன்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்படியே இருந்துட்டேன்."

மாரக்காள் கேட்டாள்.

"மூத்தவன் காச்சல்ல செத்தப்ப, ஒரு வார்த்த சொல்ல உங்களால முடியலயேன்னு உங்க நெஞ்சுல சாஞ்சு அழுதேன். அப்பவும் பேச்சு வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

மாரக்காள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மல்லம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஜனங்கள் தேங்காயோடு கரியப்பனைப் பார்க்க வந்தார்கள். நஞ்சுண்டசாமி அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். விஷயம் தெரிந்த மல்லம்மா மாரக்காளிடம், "சும்மா இருந்துடு. ஊரே கொண்டாடுது, நீ ஏன் கெடுத்துக்கறே?" என்றாள். சும்மா இருக்கத்தான் மாரக்காளும் நினைத்தாள். ஆனால் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, தேங்காய் கொண்டுவந்த ஒருத்தி பேச்சு வராத தன் மகனைக் கரியப்பன் முன்னால் கிடத்தி மன்றாடுவதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. கரியப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"உங்க அண்ணி இருக்காங்களா?"

"ராமாபுரத்துலதான்."

"அவங்ககிட்டப் போயி உள்ளதச் சொல்லுங்க. இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

அன்றே மார்க்கெட்டில் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், பலர் அவளிடம் வெற்றிலை வாங்குவதை நிறுத்தினார்கள். நஞ்சுண்டசாமி கரியப்பனை வேலையிலிருந்து நீக்கினார்.

கரியப்பன் நிலத்தை அண்ணி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அண்ணி ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லையாம். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்த மாரக்காள் கதவைத் திறந்து, சோறு போட்டாள். போய்விடலாம் என்று பலமுறை நினைத்தவள், ஏன் அவனோடு இருந்தாள் என்று கேட்டவர்களுக்கு, "உண்மையச் சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல, சொன்னாரே" என்பாள்.

ஆனால் அந்தக் குரல் அவளுக்குப் பழகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகும், அவன் உள்ளேயிருந்து "மாரக்கா" என்று கூப்பிட்டால், யாரோ அயலான் வீட்டுக்குள் புகுந்துவிட்டதுபோலத் திடுக்கிட்டுத் திரும்புவாள்.