பதினாறு ஓட்டைப் பெட்டிகள்

பீப்பாய்த் தண்ணீருக்கடியில் அந்த அலுமினியப் பெட்டி கிடந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. எழுபதுகளின் கடைசி, சித்தூரில், குடிபாலா போகிற சாலையோரத்து வார்ப்புப் பட்டறை. முதலாளி, மூன்று தொழிலாளிகள், டைப்படிக்கிற நான், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். மலைமேல் காவல் நிற்கும் ராணுவத்தானின் ஒயர்லெஸ்ஸுக்குப் பேட்டரிப் பெட்டி அது. ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனால் அவன் குரல் வெளியே வராது. முந்தைய பதினாறும் ஊசித் துளைகளால் கசிந்தன. இது பதினேழாவது.

"இன்னா மொதலாளி, இதுக்குள்ள குந்திக்கினு திருப்பதி கோனேரிக் கொளத்துல முங்கலாம் போல!" என்றார் வார்ப்புக்காரர்.

"மொதல்ல உன் வாய்க்கு இந்த மாதிரி ஒரு மூடி போடுய்யா."

சின்னப் பட்டறைகளின் ராணுவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் நிதி தருவதாகத் தெரிந்து விண்ணப்பித்தோம். அது வராவிட்டால் பெட்டி அந்தப் பீப்பாயைத் தாண்டாது. பனியில் வைத்துச் சோதிக்கவோ நல்ல அச்சு செய்யவோ முதலாளியிடம் வழியில்லை. படிவத்தில் ஒரு கட்டம்: தோல்வியடைந்த முயற்சிகள். பதினாறு என்று அடிக்கப் போனேன்.

"ஏம்மா, புத்தி கீதா உனக்கு? ஓட்டப் பெட்டிய எல்லாம் எழுதினா எவன் நம்புவான்? இல்லன்னு போடு" என்றார் முதலாளி.

கெட்ட வார்ப்பைப் பொழுது சாய்வதற்குள் உடைத்து உலையில் போட்டுவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். வாங்க வருகிறவர் கண்ணில் பட்டால் மானம் போச்சு. நானும் அடித்தேன்: இல்லை.

திருப்பதியில் நேர்காணல். அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதடிசாரே ஒச்சிந்தா?" என்றார். முதல் தடவையே வந்துவிட்டதா என்று.

"ஔனு சார்!" ஆமாம் என்பதில் முதலாளிக்கு அத்தனை பெருமை.

அப்படியானால் இதில் ஆராய்ச்சி எங்கே, தெரிந்த வேலையைத்தானே செய்திருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. முதலாளியின் முகம் செத்தது. பதினாறையும் ஒப்புக்கொண்டார். காட்டுங்கள் என்றார் அவர்.

"எல்லாத்தையும் உருக்கிட்டேன் சார். இதோ, இதுக்குள்ளதான் பதினாறும் கீது."

அதிகாரி சிரிக்கவில்லை. அதை எழுத என்னிடம் இடமில்லையே என்று கோப்பை மூடினார்.

யார்மேல் கோபப்படுவது? இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பேங்க்கு வரைக்கும் தேறியதைக் காட்டு, தேறியதைக் காட்டு என்றே கேட்டவர்கள், ஒரே ஒருமுறை தோற்றதைக் கேட்டார்கள். ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? விஷயம் தெரிந்தும் உட்கார்ந்து 'இல்லை' என்று அடித்தேனே, நான்தான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

மறுநாள் ஒரு வார்ப்பு கசிந்தது. வார்ப்புக்காரர் சம்மட்டியை ஓங்க, முதலாளி கையைப் பிடித்தார். "உடைக்காத. நம்பர் போட்டு வை. அடுத்த வருசம் காட்டணும்." சுவரில் பலகை அடித்தார். கெட்ட பெட்டிகள் வரிசையாக ஏறின, சுண்ணக்கட்டியில் எண், பக்கத்தில் காரணம்.

பிறகு இங்கிலீஷில் கடிதம் வந்தது. "இன்னாம்மா எழுதிக்கிறான்?" என்றார் முதலாளி, பலகையைத் துடைத்துக்கொண்டே. இந்த முறை நிதி இல்லை என்றிருந்ததைச் சொன்னேன். ஒருமுறை தள்ளுபடியான பட்டறை மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்ற அடுத்த வரியைப் படிக்காமல் மடித்துவிட்டேன்.