நன்றி சொல்லாத தெரு

மைக் செட் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். கல்யாண வீடா, காதுகுத்தா என்று தெரியும்வரை கைவேலை ஓடாது.

கமுதிப் பக்கம் எங்கள் ஊர். நான் ஐந்தாவது படித்தபோது பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தது. ஊரில் எங்கள் ஊருணித்தெருவுக்கு மட்டும் தண்ணீர்க் குழாய் கிடையாது. அம்மா தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு காட்டு ஊற்றுக்குப் போவாள். ஓட்டுக் கேட்டு வந்தவர் எங்கள் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மதினி, கருவாடு அலசுன தண்ணி கணக்கா இருக்கு. செயிச்சு வந்தா மொதப் பைப்பு ஒங்க தெருவுக்குத்தான்."

என்னைப் பெற்ற அய்யா, ஓட்டு அவருக்கே என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடியே ஓட்டும் போட்டார். தெருவில் மற்றவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் என்று எதிராளிக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் தெருவே ஒரு வார்டு. வார்டு வார்டாக எண்ணும்போது எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது வெளிச்சமாகிவிட்டது.

எங்கள் வாசலில் தண்ணீர் குடித்தவர்தான் ஜெயித்தார். ஜெயித்தவர் ஜீப்பில் நின்று ஊரைச் சுற்றி நன்றி சொல்லுவார். தெருமுனையில் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். அம்மாவும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு நின்றாள்.

"குடிக்கிற தண்ணியவா கரைச்ச? பெரிய மகாராணி" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

ஜீப் கோயில் முக்கில் நின்றது. எங்கள் வாசலில் பேசியவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. 'வாக்காளப் பெருமக்களே' என்று ஆரம்பித்தார். தண்ணி இப்போது நீர்வளம் ஆகியிருந்தது. பைப்பு வளர்ச்சிப் பணி ஆகியிருந்தது. தமிழ்ப் பாடம் என்றால் உயிரான எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கும்பிட்டார். கீழத்தெருத் தாய்மார்கள், மேலத்தெருப் பெரியோர்கள், கோயில்தெரு இளைஞர்கள். அடுத்து நாங்கள்தான், அடுத்து நாங்கள்தான் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நன்றி வணக்கம் வந்துவிட்டது. வெடி போட்டார்கள். ஜீப் எங்கள் முனையில் நிற்காமலே திரும்பிப் போனது.

சூடம் தானாக எரிந்து அணைந்தது. சுற்றாத ஆரத்தியை எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா தட்டை ஏந்தியபடியே நின்றாள்.

குழாய் வரவில்லை. அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனதும் தள்ளுவண்டி என் கைக்கு வந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் யார் யாரோ ஜெயித்து, யார் யாரோ பேசிவிட்டார்கள். வண்டிக்குச் சக்கரம்தான் மாற்றியிருக்கிறோம். இப்போது என் மகளும் கூடத் தள்ளுகிறாள். அவளும் ஏழாவதுதான் படிக்கிறாள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

ஜீப் வந்துபோன அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அய்யாவிடம் கேட்டேன்.

"நம்ம தெருவ மறந்துட்டாராய்யா?"

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மறக்கல தாயி. நல்லா ஞாவகம் வச்சிருக்காரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறக்கவில்லையென்றால் போதுமே. அம்மாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி, வாசலில் பைப்புக்குக் குழி தோண்டச் சரியான இடம் பார்த்து, காலால் ஒரு கோடு கிழித்து வைத்தேன்.