அப்பா எழுதிய பேஸ்போல் வரலாறு

பேஸ்போல் என்ற விளையாட்டின் வரலாற்றைத் தமிழில் எழுதினால் அதை எந்தப் பிறவி வாசிக்கும் என்று அம்மா கேட்ட கேள்விக்கு அப்பா கடைசிவரை பதில் சொல்லவில்லை. நோர்வேயில் அதை விளையாடுவார் இல்லை. யாழ்ப்பாணத்தில் அதைக் கேள்விப்பட்டாரும் இல்லை. அப்பாவோ ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். பகல் முழுவதும் உலக வர்த்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். ரொம்மனில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் பேஸ்போல் தொடங்கிவிடும்.

நான் தவழ்ந்த காலத்தில் அவர் ஆராய்ச்சிக்கென்று ஓராண்டு அமெரிக்காவில் இருந்தாராம். பொருளியலுக்காகப் போன மனிதர் இந்தப் பேஸ்போல் வருத்தத்தைத் தொற்றவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் என்பாள் அம்மா. பழைய காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டக்காரனை எழுதி வாங்கிவிட்டால் அவன் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால் அணிக்காரர் நினைத்தால் அவனை வேறு ஊருக்குக் கைமாற்றலாம். அப்பாவை முதலில் இழுத்தது அதுதான். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். அவர் முழு வரலாற்றையும் எழுதத் தொடங்கினார், அதுவும் தமிழில்.

இரவுச் சாப்பாட்டில் புட்டுக் கோப்பைதான் பந்து எறிபவன் நிற்கும் மேடு. சம்பல் கிண்ணம் அடித்தவன் ஓடிப்போய் நிற்கும் முதலாவது தளம், கத்தரிக்காய்க் குழம்பு இரண்டாவது தளம். அம்மா தன்பாட்டில் சம்பலை எடுத்துப் போட்டுக்கொண்டால், "ஐயோ, தளத்தைத் தூக்கிப்போட்டீர், அவன் எங்கை போய் நிக்கிறது?" என்பார். அம்மா அவனை நடுத்தெருவில் நிற்கச் சொல்லுவாள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிரென்பால் விளையாடுவோம். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும். எதிரணிக்காரர் பந்தைத் திருப்பி எறிவதற்குள் ஒரு தளத்தில் காலை வைக்காவிட்டால் நீ எரிந்துபோனாய் என்று கத்துவார்கள். "அப்பா, இது எங்கட பிரென்பால்தானே?" என்று ஒருநாள் கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ரொம்மனில் ரயில் ஏறியதிலிருந்து நகரத்தில் இறங்கும்வரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எடுத்துச் சொன்னார். எதிரில் இருந்த நோர்வேஜியக் கிழவி, பிள்ளையைத் திட்டுகிற அப்பன் என்று நினைத்தோ என்னவோ, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அது யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்திருந்த காலம். கோடை விடுமுறையில் ஒவ்வொரு குடும்பமாக ஊருக்குப் போய், கூரையில்லாத வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு உடனே ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடவேண்டும் என்ற எண்ணம் வந்தது. பேராசிரியர் ஒருவர் கையருகே இருக்கும்போது வேறு யார் எழுதுவது? லில்லெஸ்ட்ரோமில் இருந்த சங்கத் தலைவர், நான் மாமா என்று கூப்பிடவேண்டியிருந்த எண்ணிலடங்காத மாமாக்களில் ஒருவர், ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு அடிக்கடி வீட்டுக்கு வரத் தொடங்கினார். அப்பா ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு அவருக்குப் பேஸ்போல் சொல்லி அனுப்பினார். ஊர்ப் பேச்சை எடுத்தால், "அதுக்கென்ன, பாப்பம்" என்பார். எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று தலைவர் மாமாவுக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் சனத்திடம் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு மனிதன் வீட்டில் வைத்து மாட்டேன் என்றால் அவனை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியில் அறிவித்துவிடுவது. நாலுபேர் கை தட்டிய பிறகு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துத் தலைமைப் பதவிக்கும் இப்படித்தான் ஆள் பிடிப்பார்கள். ஆகவே அப்பாவின் பேஸ்போல் புத்தகத்தைச் சங்கமே வெளியிட்டு வைக்கும் என்று தலைவர் மாமா பெரிய மனதோடு சொன்னார். அப்பா நெகிழ்ந்துபோனார். உள்விஷயம் தெரிந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அவளும் அதே ஊர்தான். ஊரைப் பற்றி ஒரு வரி எழுதாத பேராசிரியரின் பெண்சாதி என்று கோயிலில் பேச்சு வாங்கி அவளுக்குக் காது புளித்திருந்தது.

வெளியீடு ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அன்றுதான் என் வகுப்புத் தோழியின் பிறந்தநாள். பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டு, வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்தவர்களின் கண்ணாடியில் படும்படியாகவே தெளித்தேன்.

விளக்கேற்றினார்கள், வணக்கம் செலுத்தினார்கள், வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை என்று போனது. பேசியவர்களில் ஒருவரும் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. ஆய்வுரைக்கு, விளையாட்டு தெரிந்தவர் என்று, தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினித் துறையில் வேலை செய்த ஓர் அங்கிளைப் பிடித்திருந்தார்கள். "சார், புக்க நான் முழுசா படிக்கல, உண்மைய சொல்லிடறேன். ஆனா ரெண்டுமே பேட், பால்தான?" என்று தொடங்கி அரைமணி நேரம் கிரிக்கெட் பேசினார். கூட்டம் முதல்தடவையாக விழித்துக்கொண்டு கேட்டது. மேடையில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. என் தோழியின் பிறந்தநாள் விருந்தைத் தின்ற புத்தகத்தை ஒருவராவது வாசித்துத் தொலைத்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு தலைவர் மாமா எழுந்து அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"சபையோருக்கு ஒரு சந்தோசமான சேதி. எங்கட சேர் அடுத்ததா எங்கட ஊரின்ர வரலாற்றை எழுதித்தரப் போறார்!"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "சேரின்ர தம்பியும் அதில வருவார். அந்தப் பிள்ளையின்ர பேர் எழுத்தில இருக்கவேணும்" என்றார்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பது தெரியும். ஒருநாள் சந்தைக்குப் போனவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் அவர் பேச்சு வந்தால் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். மேடையில் அடுத்த அறை இல்லை.

அப்பா பொன்னாடையோடு எழுந்து வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். விழாவுக்கு நன்றி சொன்னார். தலைவருக்குத் தனியாக நன்றி சொன்னார். பிறகு, "குறை நினைக்காதேங்கோ. நான் எழுத மாட்டன்" என்றார்.

அப்படி ஒரு சொல்லை அந்த மேடைகள் கேட்டதில்லை. தேநீர் வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"ஏன் சேர்? ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரர் பந்தடிச்ச கதையை இவ்வளவு மொத்தப் புத்தகமா எழுதியிருக்கிறியள். பிறந்த ஊரை எழுதினா என்ன?"

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பந்தடிச்ச கதையில எனக்கு ஒருத்தரையும் தெரியாது ஐயா" என்றார். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்தார்.

நன்றியுரையை யாரோ அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். வழக்கமாகத் தேநீருக்குப் பிறகும் மணிக்கணக்கில் நின்று கதைக்கிற சனம் சட்டென்று கலைந்தது. புத்தகக் கட்டுகள் கட்டுகளாகவே எங்கள் காருக்குள் ஏறின. நான் அவற்றுக்கிடையில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

கார் வெளிக்கிட்டதும் அம்மா தொடங்கினாள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழுதாமல் விட்டிருக்கலாம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்? சபையில வைச்சு மாட்டன் எண்டு சொல்லுற ஆளை நான் கண்டதில்லை. இனி நான் கோயிலில எந்த முகத்தோட நிக்கிறது?"

அப்பா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் பொறுக்கவில்லை. பனிச்சறுக்குப் போனது போனதுதான், அது ஒரு புத்திகெட்ட பதிலுக்காகவா போகவேண்டும்?

"அப்பா, நீங்கள் சொன்னது பிழை" என்றேன். "தெரிஞ்ச ஆக்களைப் பற்றித்தான் எழுதவேணும். தெரியாத ஆக்களைப் பற்றி எழுதினால் வடிவா வராது எண்டு எங்கட ரீச்சர் சொன்னவ. தெரிஞ்ச ஆக்கள் எண்டால் எழுதுறது சுகமாம்."

"ஓம் பிள்ளை" என்றார் அப்பா. "ரீச்சர் சொன்னது சரியாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு அம்மா வீடு வரும்வரை ஒரு சொல்லும் திட்டவில்லை. முகம் துடைக்கிற கைலேஞ்சியை எடுத்து, முன்னுக்குப் பார்த்தபடியே அப்பாவின் மடியில் வைத்தாள். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது போலும் என்று நினைத்தேன். ஒரு பேராசிரியரையே பிழையை ஒப்புக்கொள்ள வைத்துவிட்ட பெருமையில், அப்பா ஏன் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார் என்று நான் கேட்கவும் இல்லை.