இன்னொரு வாரிசு

மஹாலுக்குத் தெற்கே, சௌராஷ்டிரக் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஒரு சந்தில் பிறந்தவள் அலர்மேல்மங்கை. வீட்டில் கூப்பிடுவது அலமேலு. அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த பசுபதியை, வேறு சாதிக்காரனை, அவள் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா கோவர்த்தனன் வாசலை மறித்து நின்று, இனி இந்தப் படி ஏறாதே என்றார். அவள் ஏறவில்லை. பசுமலையில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். பிள்ளை இல்லை. நூல் வாங்க விளக்குத்தூணுக்குப் போனால் வாங்கியதும் பஸ் ஏறிவிடுவாள். சந்துப் பக்கம் திரும்பமாட்டாள். ஆரம்பத்தில் அப்பா ஆள் விட்டுக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். அப்புறம் அதுவும் விட்டுப்போயிற்று.

தொண்ணூற்றெட்டில் ஒரு மத்தியானம் தெரியாத மனிதர் ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"அலர்மேல்மங்கைங்கிறது நீங்கதானாம்மா? எம்பேரு ஜெயராம். மேலூர்ல வாத்தியாரா இருக்கேன். மஹால் பக்கத்துல ஒரு வீடு வெலைக்கு வருது. அது விசயமாத்தான்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. மூலப்பத்திரமும் சரியா இருக்கு. ஆனா வக்கீல், தெருவுல நாலு பேர விசாரிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்கன்னாரு. எதுத்த வீட்டு அம்மாதான் ஒரு பொண்ணும் உண்டுன்னு சொன்னாங்க. வாரிசு சான்றிதழ்ல உங்க அண்ணன் பேரு மட்டுந்தான் இருக்கு. உயிலும் கிடையாது. அப்பிடின்னா உங்களுக்கும் சரிபாதி உண்டாம்."

"யாருக்கு வாரிசு?" என்று அவள் கேட்டாள்.

"உங்க அப்பாவுக்குத்தாம்மா."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருசம் ஆச்சும்மா. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவள் உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். அவர் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

ஜெயராம் சொல்லி, அந்த வாரக் கடைசியில் அண்ணன் லட்சுமிநாராயணன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பசுபதி கொடுத்த தண்ணீரை வாங்கினான். குடிக்காமல் பக்கத்தில் வைத்தான். பிறந்ததிலிருந்து வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்திலேயே பேசி வளர்ந்தவர்கள். இப்போது அவன் தமிழில் பேசினான்.

"உன் பங்க விட்டுக்குடுத்ததா விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துதான். உனக்குச் சேர வேண்டியதச் செஞ்சிர்றேன்."

"ஏண்ணே என் பேரக் குடுக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "தாலுகா ஆபீஸ்ல பிள்ளைக எத்தனன்னு கேட்டாக. ஒண்ணுன்னேன். வேணும்னு செய்யல அலமேலு. யார் கேட்டாலும் அப்பிடிச் சொல்லித்தான் பழக்கம்."

வீட்டுக்கு ஆசைப்பட்டு மறைத்திருந்தால் அவளால் அவனோடு சண்டை போட்டிருக்க முடியும். பழக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

"கடைசியில என்னையக் கேட்டாரா?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"இல்ல."

"அப்புறம் உயில் ஏன் எழுதல? எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"தெரியல. எழுதணும்னு தோணலபோல."

அந்த ஒரு கேள்வியை அவள் பிறகு பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தனக்காகத்தான் எழுதாமல் விட்டாரா, இல்லை, எழுதி விலக்கவேண்டிய ஆளாகக்கூட தான் அவர் நினைவில் இல்லையா? சொல்லக்கூடியவர் போய்விட்டார்.

"விடுதலைப் பத்திரம் போட மாட்டேன்" என்றாள் அன்றைக்கே அண்ணனிடம். "சான்றிதழ்ல என் பேரச் சேத்துட்டு வா. கிரையப் பத்திரத்துல ரெண்டு பேருமாக் கையெழுத்துப் போடுவோம்."

பெயரைச் சேர்க்க நாலைந்து மாதம் இழுத்தது. ஜெயராம் பொறுத்துக்கொண்டார். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில், மரத்தடியில் உட்கார்ந்து பத்திரத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினார்கள். காலஞ்சென்ற கோவர்த்தனன் அவர்களின் குமாரத்தி அலர்மேல்மங்கை என்று வந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தொடர்ந்து அப்பா இறந்த தேதியை வாசித்தார்கள். மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டாள், மையில் விரலைத் தோய்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது பசுபதியிடம் கேட்டாள். "அந்தத் தேதியில நாம என்ன செஞ்சுக்கிட்டு இருந்தோம்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தான். "ஞாபகம் இல்ல. வழக்கம்போலத்தான் இருந்திருப்போம்."

கண்ணில் தூசி விழுந்த மாதிரிகூட அன்றைக்கு ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. யாருக்கோ ஜாக்கெட் தைத்திருப்பாள். குழம்பு வைத்திருப்பாள். சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள்.

அண்ணன் பெங்களூரில் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டான். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. ஜெயராம் மட்டும் அந்த வீட்டில் பால் காய்ச்சுவதற்கு மனைவியோடு வந்து பத்திரிகை வைத்து, "கட்டாயம் வரணும்மா" என்று அழைத்தார். வாரேன் என்றுதான் சொன்னாள். அன்று காலையில் குளித்து, சேலை மாற்றி, பசுபதியோடு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வந்தது.

"நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பி நடந்தாள்.