தீவு வீட்டில் நான் எடுத்த படங்கள்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளை யார் கையையும் எதிர்பார்க்காமல் சொந்தமாகப் போட்டு ஓட்டுகிறவன் நான். படிப்பு அஞ்சாங்கிளாஸோடு சரி. ஆனாலும் மயில், மரங்கொத்தி என்று ஆபீஸ் சுவர் முழுக்க நான் எடுத்த படங்கள்தான். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம், எட்டு வயதிலேயே மிலிட்டரிக்காரர் கேமராவைப் பிடித்த கை இது என்பேன். பொய்யில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்குள் இருந்த மேட்டில்தான் எங்கள் முதல் வீடு. அப்பாவுக்கு மீன் காவல் வேலை. மழைக்காலத்தில் நாலு பக்கமும் தண்ணீர் நின்றுவிடுவதால் தீவு வீடு என்றே பேர். கரைக்குப் போக ஒரே ஒரு பரிசல். ஓர் ஐப்பசியில், இன்னும் நாள் இருக்கும்போதே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சியைக் கூட்டிவர அப்பா பரிசலில் போனார். வீட்டில் அம்மாவும் நானும், லீவில் வந்திருந்த பட்டாளத்து மாமாவும். மலையில் மழை விடவில்லை.

அதுவரை தொடக்கூட விடாத கேமராவை மாமா என் கழுத்தில் மாட்டினார். வாசலிலிருந்து இறங்கும் கல்படிகளில் ஊர்வது, தாவுவது எல்லாவற்றையும் படம்பிடிக்கச் சொன்னார்.

"எது எந்தப் படியில இருக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லிரணும். தண்ணிக்குள்ள கால வச்சே, கேமராவப் புடுங்கிருவேன்."

பிலிம் தீர்ந்துவிடுமே என்று எனக்கு ஒரே பதற்றம். அடிப்படியில் ஒரு நண்டு. எடுத்தேன்; பிலிம் நகர்த்தும் திருகைச் சுற்றிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். செத்த நேரத்தில் நண்டு ஒரு படி ஏறியது. தவளைகள் அதற்கும் மேலே வந்தன. எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு நிலைக்கதவில் ஏறின. எல்லாம் என்னைத் தேடியே வருகின்றன என்று எனக்குப் பெருமை. சொல்லச் சொல்ல மாமாவின் முகம் கறுத்தது. பிலிமை வீணாக்குகிறேன் என்று கோபம்போல எனப் பயந்தேன்.

"தம்பி, அவிய வாராகளா பாரு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"அந்தா வாராக அக்கா, பரிசல் தெரியுது."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது. இல்லையே என்று வாயெடுத்தவனை மாமா முறைத்தார்.

"ஏலே, நண்டு எங்கன இருக்கு?"

"மேல்படியில, மாமா."

அவர் கதவைக் கழற்றத் தொடங்கினார். நான் படமெடுக்க வெளிச்சம் விடுகிறார் என்று நினைத்து, நெல் குதிர் மேல் ஏறியிருந்த ஓணானையும் எடுத்தேன். கதவைக் கழற்றி, தெப்பம்போல அம்மாவின் பாய்ப்பக்கம் அவர் கொண்டுபோகும்போதுதான் நிஜமாகவே பரிசல் வந்தது.

நாங்கள் கரையேறிய பிறகு தங்கை பிறந்தாள். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. ஒவ்வொரு லீவிலும் படங்களைக் கேட்பேன். "கழுவக் குடுத்திருக்கேன் மருமகனே" என்பார் மாமா.

தறி லாபத்தில் முதல் கேமரா வாங்கினேன். கடைக்காரர் பிலிம் போட்டு, சுற்றச் சொன்னார். திருகு விரலைப் பிடித்து இழுத்தது. தீவு வீட்டில் அன்றைக்கு, மாமாவின் கேமராவில் அது காற்றாகச் சுற்றியது. பட்டாளத்துச் சாமான், அப்படித்தான் லேசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.